கிளை பெருத்தால் வேகம் என்று அர்த்தமா?

கேள்வி: நான் உயிரித் தகவலியல் முதுகலை மாணவி. ஆய்வறிக்கைக்காக 2021ஆம் ஆண்டில் எட்டு வாரங்களில் எடுக்கப்பட்ட 600 சார்ஸ்-கோவ்-2 (கோவிட் வைரஸ்) ஜீனோம்களை, அதாவது முழு மரபணு வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, எது எதற்கு உறவு என்று காட்டும் பரிணாம மரம் வரைந்தேன். டெல்டாவுக்குள் ஒரு கிளை முதல் வாரத்தில் 5 சதவீதமாக இருந்து எட்டாவது வாரத்தில் 60 சதவீதம் ஆகிறது. இதை வேகமாகப் பரவும் கிளை என்று எழுதலாமா? அந்தக் கிளையில் ஸ்பைக் புரதத்தின் 142ஆம் இடத்தில் உள்ள மாற்றம் ஒரு மாதிரியில் இருக்கிறது, பக்கத்திலேயே உள்ள இன்னொன்றில் இல்லை. இது ஏன்? மரத்தின் வேரை வைத்து இது எங்கே, எப்போது தோன்றியது என்று சொல்ல முடியுமா? வைரஸ் நாளாக நாளாக வீரியம் குறையும் என்று முடிவுரையில் எழுதியிருந்தேன். என் வழிகாட்டி அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ஏன் என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 142ஐப் பார்த்துவிடுவோம். அதைத் தீர்க்காமல் மற்ற எதையும் தொடக்கூடாது.

ஜீனோம் என்ற நீண்ட எழுத்து வரிசையில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து பத்து முறை தனித்தனியாக மாறி, பத்து முறை பழைய எழுத்துக்கே திரும்பியது என்று மரம் சொன்னால், வைரஸைச் சந்தேகிப்பதற்கு முன் லேபைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது டெல்டா காலத்தில் உலகம் முழுக்க எல்லோரையும் குழப்பிய ஒரு செயற்கைப் பிழை.

அது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, மாதிரியிலிருந்து எழுத்து வரிசை கிடைக்கும் வழியைப் பார்க்க வேண்டும். வைரஸின் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொன்றும் சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகளாகப் பெருக்குவார்கள். ஒரு துண்டின் வால் அடுத்த துண்டின் தலைமேல் கொஞ்சம் ஏறி நிற்கும். 2021 நடுப்பகுதி வரை பெரும்பாலான லேப்கள் பயன்படுத்திய ஆர்டிக் என்ற செய்முறையின் மூன்றாம் பதிப்பில் 98 ஜோடி பிரைமர்கள், அதாவது துண்டின் இரு முனையிலும் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ.க்கள். ஒற்றைப்படைத் துண்டுகளுக்கு ஒரு குழாய், இரட்டைப்படைக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டால், இரண்டு துண்டுகள் ஏறி நிற்கும் அந்தக் குட்டிப் பகுதி மட்டும் வேகமாகப் பெருகி மற்றதை விழுங்கிவிடும்.

டெல்டாவின் ஸ்பைக்கில் 156, 157ஆம் அமினோ அமிலங்கள் விடுபட்டிருக்கின்றன. 72ஆம் துண்டின் ஒரு பிரைமர் ஒட்ட வேண்டிய இடம் சரியாக அதுதான். பிரைமர் ஒட்டாததால் துண்டு பெருகாது, அல்லது அரைகுறையாகப் பெருகும். 142ஆம் இடத்தின் உண்மையான எழுத்து அந்தத் துண்டில்தான் இருக்கிறது. பக்கத்துத் துண்டின் பிரைமரும் அதே இடத்தின்மேல் விழுகிறது. பிரைமர் என்பது நாம் ஆர்டர் கொடுத்து வாங்கிய, பழைய வைரஸின் எழுத்து வரிசை. அதைச் சரியாக வெட்டி நீக்காவிட்டால், நோயாளியிடமிருந்து வந்த எழுத்து இல்லாத இடத்தில் பிரைமரின் எழுத்து உட்கார்ந்துகொள்ளும். மென்பொருள் அதைப் பார்த்து ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடும். சில லேப்களின் மென்பொருள் வெற்றிடத்தை, ஒப்பிட வைத்திருக்கும் குறிப்பு ஜீனோமின் எழுத்தால் நிரப்பிவிடுவதும் உண்டு. விளைவு ஒன்றுதான்.

இதைச் சோதிப்பது அரைநாள் வேலை. 600 மாதிரிகளையும் சமர்ப்பித்த லேப் வாரியாகப் பிரித்து, 142இல் மாற்றம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை, ‘என்’ என்று காலியாக விட்டவை எத்தனை என்று அட்டவணை போடுங்கள். இருப்பதும் இல்லாததும் லேப் எல்லையை ஒட்டியே பிரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. மூல வாசிப்புக் கோப்புகள் (இயந்திரம் படித்த துண்டுகள்) கிடைத்தால் அந்த இடத்தில் எத்தனை வாசிப்புகள் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். 10க்குக் குறைவாக இருந்தால் அந்த எழுத்தை நம்ப வேண்டாம். 20 என்று வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. பிறகு அந்த இடத்தை எல்லா மாதிரிகளிலும் மறைத்துவிட்டு மரத்தை மீண்டும் வரையுங்கள். உங்கள் ‘கிளை’யே இரண்டாக உடைந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இந்தக் குறை 2021இல் வந்த நான்காம் பதிப்புப் பிரைமர்களில் சரிசெய்யப்பட்டது. ஆனால் பழைய மாதிரிகள் பழைய பிழையோடுதான் தரவுத்தளத்தில் கிடக்கின்றன.

கூடவே இன்னொரு வடிகட்டலும் செய்யுங்கள். 29,903 எழுத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ‘என்’ இருக்கும் ஜீனோம்களைத் தூக்கிவிடுங்கள். பி.சி.ஆர். சோதனையில் சிடி மதிப்பு (வைரஸ் தெரிய எத்தனை சுற்றுப் பெருக்கல் தேவைப்பட்டது என்ற எண்) 30ஐத் தாண்டிய மாதிரிகள்தான் பெரும்பாலும் இப்படி ஓட்டை ஓட்டையாக வரும். சிடி 3.3 கூடினால் வைரஸ் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். எண்ணிக்கை குறையும்போது எந்தத் துண்டு பெருகும், எது விடுபடும் என்பது குலுக்கல் சீட்டுபோல ஆகிவிடும்.

இனி 5 சதவீதம், 60 சதவீதம் கதை.

கணக்கை முதலில் போடுவோம். சதவீதத்தை அப்படியே வைத்துக் கோடு போடாமல், ‘இருப்பது வகுத்தல் இல்லாதது’ என்ற விகிதத்தின் இயல் மடக்கையை (ln) எடுங்கள். ஒரு திரிபுக்கு நிலையான சாதகம் இருந்தால் இந்த அளவு நேர்கோட்டில் ஏறும். உங்களுடையது –2.94இலிருந்து 0.41க்கு, அதாவது 49 நாளில் 3.35 ஏறியிருக்கிறது, நாளுக்கு 0.068. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற சராசரியாக 5 நாள் என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் மற்ற கிளைகளைவிட 41 சதவீதம் கூடுதல். 4 நாள் என்று வைத்தால் 31 சதவீதம். ஒரே தரவு, ஒரு அனுமானத்தை மாற்றினோம், விடை மாறிவிட்டது. அதனால் அறிக்கையில் நாளுக்கு 0.068 என்பதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ‘இத்தனை சதவீதம் வேகம்’ என்பதை, எத்தனை நாள் இடைவெளி வைத்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் கொடுங்கள்.

அந்த 5 சதவீதமும் உறுதியானதல்ல. வாரத்துக்கு சுமார் 75 மாதிரி, அதில் 4. நான்கு பேரை வைத்துப் பார்த்தால் உண்மை அளவு 2 சதவீதத்திலிருந்து 13 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். தொடக்கம், முடிவு என்ற இரண்டு புள்ளிகளை மட்டும் இணைக்காமல் எட்டு வாரத்தையும் சேர்த்துப் பொருத்துங்கள், தடுமாற்றம் குறையும். கடைசி இரண்டு வாரத்தைத் தனியாகக் கவனியுங்கள். வேகமாகச் சமர்ப்பிக்கும் லேப்களின் மாதிரிகள்தான் அங்கே நிறைந்திருக்கும். (ஒரு சதவீத அளவில் ஒளிந்திருக்கும் திரிபை ஒரு முறையாவது பார்க்க, 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் சுமார் 300 மாதிரி தேவை. கண்காணிப்புத் திட்டம் போடுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் இது.)

கணக்கு சரியாக இருந்தாலும், கிளை பெருத்ததற்குக் காரணம் வேகம்தான் என்று ஆகிவிடாது. 2020 கோடையில் ஸ்பெயினில் பெருகிய பி.1.177 என்ற கிளை அந்த ஆண்டு இலையுதிர்காலத்துக்குள் ஐரோப்பாவின் பல நாடுகளில் முதலிடத்துக்கு வந்தது. அதன் வரைபடமும் உங்களுடையதைப் போலவே இருக்கும். ஆனால் பயணத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, விடுமுறைக்குப் போய்த் திரும்பியவர்கள் அதை ஊர் ஊராக மீண்டும் மீண்டும் விதைத்ததே காரணமாகத் தெரிந்தது. வைரஸுக்குத் தனிச் சாமர்த்தியம் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அதே ஆண்டு இறுதியில் இங்கிலாந்தில் ஆல்ஃபா ஏறியது வேறு ரகம். அங்கே பொதுமுடக்கம் இருந்த நவம்பரில் மற்ற கிளைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது இது மட்டும் ஏறியது. ஒரு வட்டாரத்தோடு நிற்காமல், அடுத்தடுத்த வட்டாரங்களிலும் அது ஏறிக்கொண்டே போனது. இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது: ஆல்ஃபாவின் ஸ்பைக்கில் 69, 70ஆம் இடங்கள் விடுபட்டிருந்ததால், மூன்று இலக்குகளைத் தேடும் ஒரு பி.சி.ஆர். சோதனையில் ஸ்பைக் இலக்கு மட்டும் பிடிபடாது. சீக்வென்ஸ் செய்யாமலே, அதாவது எழுத்து வரிசையைப் படிக்காமலே, ஆயிரக்கணக்கான சோதனை முடிவுகளில் அதை எண்ண முடிந்தது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஓமிக்ரானின் பரவலையும் இதே அடையாளம் சீக்கிரம் காட்டிக்கொடுத்தது.

ஆக, உங்கள் கிளை ஒரே வட்டாரத்தில் மட்டும் ஏறுகிறதா, ஒன்றோடொன்று தொடர்பு குறைந்த நான்கைந்து வட்டாரங்களில் ஒரே சரிவில் ஏறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். மாதிரி ஏன் எடுக்கப்பட்டது என்ற பத்தியையும் படியுங்கள். ஒரே விடுதியில் நோய் பரவி 40 பேருடைய மாதிரியை அனுப்பியிருந்தால் அது 40 சான்று அல்ல, ஒன்று. குறிப்பிட்ட அடையாளம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி சீக்வென்ஸ் செய்த தொகுப்பாக இருந்தால் அதை வைத்துச் சதவீதமே கணக்கிடக் கூடாது. டெல்டாவுக்குள்ளேயே ஒரு கிளைக்கு 41 சதவீதம் கூடுதல் என்பது எனக்குப் பெரிதாகவே படுகிறது. மாதிரி எடுத்த முறையில்தான் முதலில் ஓட்டை தேடுவேன்.

‘எப்போது’ என்ற கேள்விக்கு வருவோம். சார்ஸ்-கோவ்-2 ஆண்டுக்கு ஒரு எழுத்துக்குச் சுமார் 0.0008 மாற்றம் என்ற வேகத்தில் மாறுகிறது. 30,000 எழுத்துக்கு ஆண்டுக்கு 24, மாதத்துக்கு 2. இதைத்தான் மூலக்கூறு கடிகாரம் என்கிறோம். முள் மெதுவாக நகரும் கடிகாரம் இது. 5 நாளில் சராசரியாக மூன்றில் ஒரு மாற்றம்தான் விழும். அதனால் தொற்றவைத்தவர், தொற்றியவர் இருவரின் ஜீனோமும் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று மரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘இவர் இவரிடமிருந்து வாங்கவில்லை’ என்று சொல்வதற்குத்தான் அது நன்றாகப் பயன்படும்.

கடிகாரம் ஓடுகிறதா என்று சோதிக்க, ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த தேதியை ஒரு அச்சிலும் வேரிலிருந்து உள்ள மாற்றங்களின் எண்ணிக்கையை இன்னொன்றிலும் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் ஓரளவு கோட்டில் விழ வேண்டும். கோட்டுக்கு மேலே துள்ளி நிற்பவை பெரும்பாலும் மோசமான சீக்வென்ஸ்; சில நேரம், எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கி மாற்றங்களைக் குவித்த உண்மையான வைரஸ். கோட்டுக்குக் கீழே கிடப்பவற்றில் முதலில் தேதியைச் சந்தேகியுங்கள். மாதிரி எடுத்த தேதிக்குப் பதில் பதிவேற்றிய தேதி இருக்கும், அல்லது ஆண்டு மாறும்போது பழைய ஆண்டு மாதிரிக்குப் புதிய ஆண்டு விழுந்திருக்கும். எட்டு வாரம் என்பது இந்தச் சோதனைக்கே குறைவு. நான்கைந்து மாற்றம்தான் விழுந்திருக்கும். பழைய மாதிரிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் மாற்றம் மிகக் குறைவாக இருந்தால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு. 1957க்குப் பிறகு மனிதரிடையே காணாமல்போன எச்1என்1 காய்ச்சல் வைரஸ் 1977இல் திடீரென்று திரும்பியது. அதன் ஜீனோம் 1950 வாக்கில் இருந்த வைரஸோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. இயற்கையில் சுற்றிக்கொண்டிருந்தால் இருபத்தைந்து ஆண்டுக்கான மாற்றம் எங்கே? எங்கோ உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த வைரஸ் என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். 2021இல் கினியில் கிளம்பிய எபோலாவும் 2013–16 பரவலின் வைரஸை ஒட்டியே இருந்தது. விலங்கிலிருந்து புதிதாக வந்ததல்ல, பிழைத்த ஒருவரின் உடலில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கடிகாரத்தை நீளமாகப் பின்னோக்கி ஓட்டவும் முடியும், ஆனால் பழைய மாதிரிகள் வேண்டும். எச்.ஐ.வி.யின் முதன்மைக் கிளையின் பொது மூதாதை 1908 வாக்கில், அதாவது 1884க்கும் 1924க்கும் இடையில் இருந்தது என்று கணித்தவர்களுக்கு, கின்ஷாசாவில் 1959லும் 1960லும் எடுக்கப்பட்டுத் தப்பிப்பிழைத்த இரண்டே மாதிரிகள் பெரிய நங்கூரமாக உதவின. நீண்ட காலத்துக்கு எளிய வகுத்தல் கணக்கு ஏமாற்றும். சார்ஸ்-கோவ்-2க்கும் ராடிஜி13 என்ற வௌவால் வைரஸுக்கும் 96 சதவீதம் ஒற்றுமை என்பார்கள். கேட்க நெருக்கமாக இருக்கும். மீதி 4 சதவீதம் என்பது 1,100க்கு மேற்பட்ட எழுத்துகள். இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 24 என்று வகுத்தால் இருபத்து சொச்சம் ஆண்டு வரும். ஆனால் கேடான மாற்றங்கள் காலப்போக்கில் களையப்படுவதால் நீண்டகால வேகம் குறைவு. கலப்புப் பகுதிகளை நீக்கிவிட்டு முறையாகச் செய்த கணிப்புகள் 40 முதல் 70 ஆண்டு என்றே சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் அது நேர்த் தாய் அல்ல, தூரத்து உறவு.

கலப்பு என்றேனே, அது மரத்துக்கே எதிரி. 2022இல் பரவிய எக்ஸ்பிபி என்ற ஓமிக்ரான் கிளை, பிஏ.2 என்ற இன்னொரு ஓமிக்ரான் கிளையின் இரண்டு வாரிசுகள் ஒரே உடலில் சந்தித்துக் கலந்து பிறந்தது; ஒட்டு விழுந்த இடம் ஸ்பைக்குக்குள்ளேயே. இரண்டு தாய் உள்ள பிள்ளையை ஒரே கிளையில் தொங்கவிட்டால் மரம் பொய் சொல்லும். இன்ஃப்ளுயென்சாவுக்கு எட்டுத் தனித்தனி மரபணுத் துண்டுகள் என்பதால் எட்டு மரம் வரைய வேண்டும். 2009 எச்1என்1இல் ஆறு துண்டு வட அமெரிக்கப் பன்றி வைரஸிலிருந்தும் இரண்டு துண்டு யூரேசியப் பன்றி வைரஸிலிருந்தும் வந்தன என்று தெரிந்தது அப்படித்தான். கலப்பு போலத் தெரிகிறதே என்று உடனே அறிவித்துவிடவும் கூடாது. இரண்டு நோயாளிகளின் மாதிரி லேபில் கலந்துவிட்டாலும் அச்சாக அப்படியே தெரியும். ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகளும் 60–40 என்று தெரிந்தால் அது மாசு, அல்லது இரட்டைத் தொற்று. உண்மையான கலப்பில் ஒவ்வொரு இடத்திலும் எழுத்து சுத்தமாக ஒன்றாக இருக்கும். வேறு வேறு லேப்களிலும் அதே ஒட்டு இடம் வரும்.

‘எங்கே’ என்பதற்கு உங்கள் தரவு பதில் சொல்லாது. மரத்தின் வேர் என்பது நீங்கள் சேர்த்த மாதிரிகளின் கடைசிப் பொது மூதாதை. முதல் நோயாளி அல்ல. அதற்கு முன் எத்தனை பேருக்குத் தொற்றி அந்தச் சங்கிலிகள் அறுந்துபோயின என்பது மரத்தில் இல்லை. இட மதிப்பீடு இன்னும் மோசம்: எந்த வட்டாரம் அதிகமாக சீக்வென்ஸ் செய்கிறதோ, வேர் அந்தப் பக்கம் சாயும். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் வாரவாரம் நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் மட்டும் மாதிரி பொறுக்கி, இதைப் பத்து முறை வேறு வேறு பொறுக்கலில் ஓட்டிப் பாருங்கள். பத்தில் நான்கு முறை வேர் வேறு வட்டாரத்துக்குத் தாவினால், அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

விலங்கிலிருந்து எங்கே தாவியது என்று கண்டவர்கள் எல்லோரும் விலங்குகளிடம் போனவர்கள்தான். எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவு தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளின் சாணத்தைச் சேகரித்துத் தேடியதில் கிடைத்தது. 2003 சார்ஸுக்குப் புனுகுப் பூனையிலிருந்து குதிரைலாட வௌவால் வரை போக வேண்டியிருந்தது.

உங்கள் கிளையின் மாற்றங்கள் உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா என்பது கணினியில் தீராது. கலத்திலும் விலங்கிலும்தான் தீரும். ஸ்பைக்கில், நம் செல்லின் ஏற்பியை (வைரஸ் நுழையும் கதவு) பிடிக்கும் பகுதியில் 201 இடங்கள். ஒவ்வொன்றையும் மற்ற 19 அமினோ அமிலங்களாக மாற்றினால் 3,819 மாற்றங்கள். 2020இலேயே அவை ஏறக்குறைய அத்தனையையும் ஈஸ்ட் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிவைத்து, எது இறுக்கமாகப் பிடிக்கிறது, எது உதிர்கிறது என்று அளந்துவிட்டார்கள். அந்த அட்டவணை பொதுவில் கிடைக்கிறது. உங்கள் மாற்றம் அந்தப் பகுதிக்குள் வந்தால் தேடிப் பாருங்கள். ஆனால் இறுகப் பிடிப்பதும் வேகமாகப் பரவுவதும் ஒன்றல்ல. இருமலில் எவ்வளவு வைரஸ் வெளியேறுகிறது, ஏற்கெனவே தொற்று வந்தவர்களின் எதிர்ப்பொருள்களை ஏய்க்கிறதா என்பதெல்லாம் தனித்தனிச் சோதனைகள்.

கடைசியாக, வழிகாட்டி சுழித்த வரி. டெல்டா ஆல்ஃபாவைவிடக் கடுமையான நோயைத் தந்தது. ஆல்ஃபாவும் முந்தையவற்றைவிடக் கடுமையானது என்றே பெரும்பாலான தரவுகள் காட்டின. ஓமிக்ரான் லேசாக இருந்ததை வைத்து ‘டெல்டா சாந்தமாகிவிட்டது’ என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஓமிக்ரான் டெல்டாவின் வாரிசே அல்ல. வெகு முன்பே பிரிந்த வேறொரு கிளை. அது வரும்போது பெரும்பாலோருக்குத் தடுப்பூசியோ முந்தைய தொற்றோ இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வைரஸ் தொற்றின் முதல் சில நாளிலேயே அடுத்தவருக்குத் தாவிவிடுகிறது. நோயாளி ஆபத்தான நிலைக்குப் போவது அதற்கும் ஒரு வாரம் கழித்து. அவர் பிழைப்பதும் பிழைக்காததும் இந்த வைரஸின் பரவலை அநேகமாக மாற்றுவதில்லை.

வீரியம் குறையும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க அவிழ்த்துவிட்ட மிக்சோமா வைரஸ். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயலைக் கொன்றது. சில ஆண்டுகளில் அதைவிடக் குறைந்த வீரியமுள்ள வகைகள் மேலோங்கின. இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் ‘குறைந்த’ வகைகளே லேப் முயல்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் கொன்றன என்பதையும், முயல்களின் எதிர்ப்புத்திறனும் கூடவே ஏறியது என்பதையும் சொல்வதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.